எமல்டா டீச்சர் வீட்டுப் பீடத்தில் விளக்கு எரிந்த விவரம்

மந்தைவெளி,
பொதுக்காலம் இருபத்திரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை
(பீடத்தில் பச்சைத் துணி)

மதிப்பிற்குரிய எமல்டா டீச்சர் அவர்களுக்கு,

எதிர்வீட்டுச் சுப்பராமன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சுப்புலக்ஷ்மியும் உங்கள் பீடமும் சௌக்கியம். பெர்த்தில் நீங்களும் மகளும் மாப்பிள்ளையும் இரட்டைப் பேத்திகளும் சௌக்கியமாக இருக்கும்படி எங்கள் கபாலியையும், ஒன்பது மாதம் பழகிய உரிமையில் உங்கள் ஆண்டவரையும் தனித்தனியாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்காகக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல நாக்கு எழாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஈஸ்டர் அன்று, "எல்லாம் நோட்ல எழுதினபடி நடந்துச்சா சார்?" என்று நீங்கள் கேட்டதற்கு, "அட்சரம் பிசகாமல்" என்றேன். அது பொய். இருபத்தாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நீங்கள் காப்பாற்றிவந்த ஒழுங்கு, என் பொறுப்பில் இருந்தபோது உடைந்துபோயிற்று. உடைத்தது யார் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, வீட்டுச் சாவியை மூன்றாம் மாடி ஜஹீதாவிடம் ஒப்படைக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்படைத்துவிடுகிறேன்.

ஆதியிலிருந்து சொல்வதுதான் முறை. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக்காலம் பிறப்பதற்கு முதல் நாள் சாவியையும் நாற்பது பக்க நோட்டையும் என் கையில் கொடுத்து, "ரயில்வே டைம்டேபிள் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவர், உங்களை விட்டா யாரு சார்?" என்றீர்கள். காலத்துக்குக் காலம் பீடத்தின் துணி நிறம் மாற வேண்டும், தினமும் காலையில் மெழுகுவர்த்தி ஏற்றி அன்றைய நற்செய்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அப்புறம் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், இவ்வளவுதான். ஆளில்லாத வீட்டில் எதற்கு வாய்விட்டு என்றதற்கு, "கேட்டுக் கேட்டு வீடு பழகிடுச்சு சார்" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் சவரிராயன் தொடங்கிவைத்த வழக்கம். அவரை அடக்கம் செய்த மறுநாள்கூட நீங்கள் வீங்கின கண்ணோடு துணி மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

ஆனால் டீச்சர், மெழுகுவர்த்தியை எப்படி அணைப்பது என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, உஃப் என்று ஊதிவிட்டுப் போய்விடுவீர்கள். நான் ஊத வாயைக் குவித்ததுதான் தாமதம், சுப்புலக்ஷ்மி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்வாமிக்கு ஏத்தின விளக்கை வாயால ஊதறதா? நன்னாருக்கு! புஷ்பத்தால குளிர வையுங்கோ" என்றாள். வைத்தேன். மல்லிகைப்பூ கருகிக் கூடமெல்லாம் நாறியது, மெழுகுவர்த்தி ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. தானாக அணையட்டும் என்றால், எரிகிற நெருப்பை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வர முடியுமா? உட்கார்ந்தேன். ஒரு மெழுகுவர்த்தி எரிந்து தீர இரண்டே கால் மணி நேரம். ஆக நீங்கள் ஐந்து நிமிஷம் என்று எழுதின மௌனம் இங்கே தினம் இரண்டே கால் மணி நேரம் நடந்தது. முதல் நாள் உங்கள் புத்தக அலமாரியை எண்ணினேன். இரண்டாம் நாள் தரைக்கல்லை எண்ணினேன். ஒரு வாரத்தில் எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போய், வேறு வழியில்லாமல் அன்றைய வாசகத்தையே யோசிக்க ஆரம்பித்தேன். நாலு வாரத்துக்கென்று நீங்கள் வைத்துவிட்டுப் போன நாலு மெழுகுவர்த்தி அந்த முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டதும், லஸ்ஸில் போய் டஜன் கணக்கில் வாங்கியதும் தனிக் கதை.

கிறிஸ்துமஸ் குடிலில் மாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கொலுச் செட்டியாரும் செட்டிச்சியும் மளிகைக்கடை போட்டிருந்ததற்கு நான் பொறுப்பில்லை. "பச்சைக் குழந்தை பொறந்திருக்கு, பெருங்காயம் சுக்குன்னு ஆத்திர அவசரத்துக்கு யார் குடுப்பா?" என்று கேட்டாள் என் மனைவி.

தவக்காலம் வந்தது பாருங்கள், அந்த வாரம் நம் பிளாட்டே பட்டினி. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சிவராத்திரி, புதன்கிழமை உங்களுக்குத் திருநீற்றுப் புதன், வியாழக்கிழமை ஜஹீதா வீட்டில் ரம்ஜான் நோன்பு. வாட்ச்மேன் சண்முகவேல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், இந்த பில்டிங்ல ஒர்த்தர்கூட துன்ன மாட்டீங்களா? எனக்கு டீ குட்க்கக்கூட ஆள் இல்லாம பூட்ச்சே!" என்று புலம்பினான். திருவருகைக்காலத்துக்குப் பிறகு சலவைக்குப் போட்ட உங்கள் ஊதாத் துணி தொலைந்துபோனதால், புது ஊதாத் துணிக்காகத் தி. நகரைக் காலால் அளந்தேன். ஒரு கடையில் கத்திரிப்பூ, இன்னொன்றில் நாவல்பழம், வேறொன்றில் வாடாமல்லி. எது உங்கள் ஊதா என்று யாரைக் கேட்பது? கடைசியில் சுப்புலக்ஷ்மி பீரோவைத் திறந்து, நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலை பாக்கோடு வந்து குவிந்த ரவிக்கைத் துணிகளிலிருந்து ஒன்றை உருவினாள். ஜரிகை போட்டிருந்தது. தவக்காலத்தில் ஆடம்பரம் ஆகாது என்று நோட்டில் இருந்ததால், இரண்டு நாள் உட்கார்ந்து ஜரிகையைப் பிரித்தாள்.

அந்த நாற்பது நாளில் ஒரு சனிக்கிழமை ஊதாரிப் பிள்ளையின் கதை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது டீச்சர். சொத்தை அழித்துவிட்டு வந்தவனுக்குக் கொழுத்த கன்று, மோதிரம், மேளதாளம். வீட்டோடு கிடந்து உழைத்த மூத்தவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடையாதாம். நானும் வீட்டுக்கு மூத்தவன். தம்பிகள் ஊர் சுற்றினபோது அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவன். எழுந்து நின்று பீடத்தைப் பார்த்து உரக்கவே நியாயம் கேட்டுவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து சுப்புலக்ஷ்மி, "அங்க யாரோட சண்டை?" என்றாள். "டீச்சராத்து ஸ்வாமியோட" என்றேன். "பதில் சொன்னாரா?" என்றாள். "இல்லை" என்றேன். "அப்போ அவர்தான் சமத்து" என்றாள். மெழுகுவர்த்தி தீர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது, எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது.

இனி குற்றத்துக்கு வருகிறேன். நோட்டின் முப்பத்தொன்றாம் பக்கம்: "பெரிய வெள்ளி மூன்று மணிக்குமேல் துணி, பூ, மெழுகுவர்த்தி, சுரூபம் எல்லாவற்றையும் எடுத்துவிடவும். சனி இரவுவரை பீடம் வெறுமையாக இருக்கும். விளக்கு கூடாது. வாசகமும் இல்லை. உட்கார்ந்திருங்கள், போதும்." விளக்கு கூடாது என்பதன் கீழே நானே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். வெள்ளிக்கிழமை ஆண்டவர் சிலுவையில் உயிர்விடுகிற பாடுகளின் வரலாறு முழுவதையும் வாசித்து, மூன்று மணிக்கு எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வெறும் பீடத்தின் நடுவில் எங்காத்து அகல் எரிகிறது! பக்கத்தில் சுப்புலக்ஷ்மி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன காரியம் பண்ணினே?" என்று கத்தினேன். "நேத்திக்கு மூணு மணிக்குப் போய்ட்டார்னு படிச்சாச்சு. காலமானவா ஆத்துல விளக்கில்லாம வெப்பாளா? தனியா இருட்டுல போட்டுட்டு வரதுக்கு மனசு வரலே" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எடுத்துச் சொன்னேன், நோட்டைக் காட்டினேன். இருந்தாலும் பெண்களுக்கு இளகின மனசு, சட்டதிட்டம் புரிகிறதில்லை. அழுகிறவளை அதற்குமேல் என்ன செய்ய? விளக்கு விடிய விடிய எரிந்தது.

நடந்தது இதுதான். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக உங்கள் பீடம் இருட்டாக இருக்க வேண்டிய நாளில் இருட்டாக இல்லை. சுப்புலக்ஷ்மி தெரியாமல் செய்துவிட்டாள், அவளை மன்னித்துவிடுங்கள். மேற்பார்வை பார்க்கத் தவறினவன் என்ற முறையில் தண்டனை எனக்கு. சாவி போனால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, காலையில் நிம்மதியாக நடைப்பயிற்சிக்குப் போவேன்.

நீங்கள் நவம்பரில் திரும்பி வரும்போது துணி மாற்றுவதற்குத் தயாராக மற்ற நிறத் துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன். பேத்திகள் இருவரும் தீர்க்காயுசாக, சண்டை சச்சரவில்லாமல் ஒரே பொம்மையைப் பங்கிட்டு விளையாட என் ஆசீர்வாதம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்கு உகந்தவனாக இல்லாமல் போன
சுப்பராமன்

பி.கு.: டீச்சர், நான் சுப்புலக்ஷ்மி. லெட்டரைக் கவர்ல போட்டு ஒட்டச் சொல்லிட்டு, "படிக்காதே"ன்னு வேற சொல்லிட்டுக் குளிக்கப் போயிருக்கார். படிக்காதேன்னா படிச்சுத்தானே ஆகணும். அன்னிக்குப் பால் வாங்கப் போனது நான். திரும்பி வந்து பார்த்தா அகலை ஏத்தி வெச்சுண்டு உட்கார்ந்திருந்தது இவர். காலமானவா ஆத்துலன்னு சொன்னதும் இவர்தான், அழுததும் இவர்தான். தன்னோட அம்மா போனப்போகூட வந்தவாளுக்கெல்லாம் திரும்பிப் போற ரயில் டைம் சொல்லிண்டிருந்த மனுஷர், டீச்சர்! நான்தான் நோட்டைக் காட்டி, கூடாதுன்னு போட்டிருக்கேன்னேன். "தெரியும், கோடு போட்டதே நான்தான்"னார். அப்புறம் என்ன பேசறது, நானும் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை காலம்பற உங்க பெரிய மெழுகுவர்த்தியை அந்த அகல்லேர்ந்துதான் ஏத்தினார். கோவம் வந்தா போன்ல நாலு வார்த்தை நன்னா திட்டிடுங்கோ. நீங்க ஊருக்கு வந்தப்புறம்கூட சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்காதீங்கோ. ரிடையர் ஆனதுலேர்ந்து எட்டு மணிவரைக்கும் படுத்துண்டு ஃபேனைப் பார்த்துண்டிருப்பார். இப்போ அஞ்சரைக்கே குளிச்சுட்டு வந்து, "இன்னிக்கு என்ன கலர்?"னு என்னை எழுப்பறார்.