மெமரி பத்தவில்லை, மாப்பிள்ளை

கடத்தூர்,
வெள்ளிக்கிழமை காலை.

ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளை அறிவழகன் அவர்களுக்கு மாமன் குப்புராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ராணியம்மாளும் கறவை மாடுகள் இரண்டும் சுகம். அங்கே நீங்களும் மகள் சுகுணாவும் சுகமாக இருக்க அம்மன் துணை. போன மாதம் நீங்கள் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, வேலைதான் நடக்கவில்லை. ஆகையால் எழுத்தில் வைக்கிறேன்.

விஷயத்தின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நம் மாரியம்மன் பண்டிகையில் மாவிளக்குத் தட்டு ஏந்திப் போகும் பதினோரு வூட்டுப் பெண்களில் முதலில் நடப்பது உங்கள் அத்தை. இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான். இந்த வருடம் பங்காளி முனிராஜ் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று, முதல் தட்டு தன் வூட்டுடையது, தன் சம்சாரம் ராமக்காள்தான் முன்னால் போக வேண்டும் என்கிறான். இரண்டாயிரத்து ஒன்றில் பெரியவர்கள் கூடி வரிசையை முடிவு செய்தபோது, அதை யாரிடமும் படிக்காமல் நானே கற்றுக்கொண்ட கம்ப்யூட்டரில் என் கையால் அடித்தேன். கோயில் பெட்டியிலிருந்த காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. என் கம்ப்யூட்டரைக் கரையான் தின்னவில்லை. எனவே நான் சூடத்தின் மேல் கை வைத்து, "பட்டியல்ல எப்படி இருக்குதோ அப்படித்தான். அதுக்கு மேல எவன் பேசுனாலும் கேக்க மாட்டேன், நானே பேசுனாலும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரே நம் வூட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும் நீங்கள் அதன் டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் புது லேப்டாப்பின் வயிற்றுக்குள் வைத்துக் கொடுத்தீர்கள். லேப்டாப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாக அது நடிக்கிறது, அதற்குள் தொண்ணூற்றெட்டாம் வருடத்து விண்டோஸ், அதற்குள் என் பட்டியல். நீங்கள் இருந்தவரை திரையில் மேகப் படமும் பாட்டுமாக அழகாகத் திறந்தது. "பட்டியலையும் ஒரு தடவ தொறந்து பாத்துருங்க மாமா" என்றீர்கள். நான் அடித்த பட்டியலை நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று காபி குடிக்கப் போய்விட்டேன். நீங்களும் 'மாமா, செட்டிங்ஸ் பக்கம் போகாதீங்க' என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

போகாதே என்று எழுதிய இடம் எது என்று தெரிந்தால்தானே போகாமல் இருக்க முடியும், அதற்காகத்தான் போனேன். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு அநியாயம். லேப்டாப்பில் பதினாறு ஜிபி மெமரி இருக்கிறது, வயதான தொண்ணூற்றெட்டுக்கு நீங்கள் கொடுத்திருப்பது இருநூற்று ஐம்பத்தாறு எம்பி. ஒரு ஜிபியில் கால் பங்கு. என் வூட்டு இலையில் உட்கார்ந்தவன் எவனும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை மாப்பிள்ளை. இரண்டு ஜிபி வைத்தேன். திரை கறுத்து, 'மெமரி பத்தவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிக்காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. பாவம், எத்தனை நாள் பசியோ என்று நான்கு வைத்தேன். அதற்கும் பத்தவில்லை. எட்டு வைத்தேன். எட்டையும் தின்றுவிட்டு அதே வார்த்தை. லேப்டாப்புக்கே மூச்சு வாங்கி விசிறி நெல் மிஷின் மாதிரி சத்தம் போட்டது.

இணையத்தில் தேடியதில், ஆரம்பிக்கும்போது எஃப் எட்டை அழுத்தினால் சேஃப் மோட் என்ற பத்திரமான வழியில் திறக்கும் என்று போட்டிருந்தது. இந்த லேப்டாப்பில் எஃப் எட்டில் ஏரோப்ளேன் படம் போட்டிருக்கிறது. அழுத்தினேன், இணையம் போய்விட்டது. திரும்ப வரவழைக்கலாம் என்றால் மவுஸ் அம்பு தொண்ணூற்றெட்டின் ஜன்னலுக்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. கதவில்லாத வூட்டில் கோழி மாட்டிக்கொண்ட மாதிரி நான்கு சுவரிலும் முட்டுகிறது. வெளியே இழுக்கிற வேகத்தில் நான் மவுஸோடு மேஜையின் ஓரத்துக்கே போய், அங்கிருந்த பால் சொம்பைத் தள்ளிவிட்டேன். உங்கள் அத்தை வந்து பாலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், துடைக்கிற துணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நீங்கள் போனில் "ஏதாவது மாத்துனீங்களா மாமா" என்று கேட்டபோது இல்லை என்றேன். அது உண்மை. மாற்றவில்லை, கூட்டித்தான் கொடுத்தேன்.

ஆக, தவறு உங்கள் வேலையில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மாலைக்குள் நீங்கள் நேரில் வந்து திறந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முனிராஜ் மீசையைத் தடவிக்கொண்டு நம் வாசலில் நிற்பதை நான் பார்க்க வேண்டிவரும். வரும்போது சுகுணாவையும் கூட்டி வரவும். கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறது. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, குறைந்த கோபத்தோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
குப்புராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை, "எட்டுப் படி தின்னும் பத்தலன்றவனுக்கு இன்னும் என்னாத்துக்குப் போடறீங்க, இலைய எடுங்க" என்றாள். தண்டனையாக இருக்கட்டும் என்று பழையபடி இருநூற்று ஐம்பத்தாறுக்கே இறக்கினேன். மேகத்தோடும் பாட்டோடும் உடனே திறந்துவிட்டது. பட்டியலும் திறந்தது. முதல் தட்டு முனிராஜ் வூடு. நம் வூடு பதினொன்று. கீழே 'சரிபார்த்தேன், குப்புராஜ்' என்று அடித்திருக்கிறது. யார் அடித்தது என்று கேட்க வேண்டாம். அவசரமாக எட்டு ஜிபியைத் திரும்பக் கொடுத்து அதைப் படுக்க வைத்தேன், ஆனால் அதற்குள் உங்கள் அத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வேலி ஓரம் போய், "ராமக்கா, முன்னாடி நீயே நட, எனக்கு முட்டி வலி, கடைசியில நிதானமா வரேன்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே நீங்கள் நேரில் வர வேண்டாம். டிஸ்கிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றும்போது மாப்பிள்ளை வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். சொல்லிவிட்டு உங்களுக்கு ஸ்பீக்கரில் போன் போடுவேன். நீங்கள் வழக்கம்போல மரியாதையாக "சரிங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும்.