முத்துப்பிரியாவுக்குப் பின்னால் ஒரு பாறை

“ஏப்பா ஜெகதீஷ், என் மகளுக்குப் பின்னால அந்தக் கருப்பு என்னது?”

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியிலிருந்த ஸ்டுடியோவில், பொன்னுமணி கம்ப்யூட்டர் திரையைக் குத்திக் காட்டினாள். சாயங்காலம் அவள் மகள் முத்துப்பிரியாவுக்குக் கல்யாண வரவேற்பு. போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்தில் மணமக்களை நிறுத்தி எடுத்த வீடியோ மண்டபத்துப் பெரிய திரையில் ஓட வேண்டும். ஜெகதீஷ் சொந்தமாகக் கடை போட்ட பிறகு வந்த முதல் கல்யாணம். இதில் சொதப்பினால் போடியில் அடுத்த கல்யாணம் கிடையாது.

“பாறைக்கா. அதை விடுங்க, முடி பறக்குற இடத்தைப் பாருங்க. ஒரு இலை அசையல, பொண்ணு முடி மட்டும் பறக்குது. சாமியாப் பார்த்து அனுப்புன காத்து.”

“காத்து இருக்கட்டும். பொண்ணுக்குப் பின்னால கருப்பு நிக்கிதுன்னு மாப்பிள்ளை வீட்டுல பேச்சு வரும். மறைச்சிரு.”

“பாறை எங்க ஓடப்போகுது? ஒரு வட்டம் போட்டு மங்கலாக்கினா சோலி முடிஞ்சது.”

வட்டம் போட்டு ஓடவிட்டான். வட்டத்துக்கு வெளியே கருப்பு எட்டிப் பார்த்தது.

வட்டத்தைப் பெரிதாக்கினான். மாப்பிள்ளை பிரபுவின் பாதித் தலை காணாமல் போனது.

“மாப்ளைக்கு ஒரு காதுதானான்னு கேப்பாகளேப்பா.”

“கேமராவை ஸ்டாண்டுல வச்சுத்தானே எடுத்தேன்...” என்று முனகிக்கொண்டே, பாறையைப் பின்தொடரும் வேலையைச் சாஃப்ட்வேரிடமே விட்டான். வட்டம் சாவகாசமாக நகர்ந்து வந்து முத்துப்பிரியாவின் முகத்தில் உட்கார்ந்தது.

வீடியோவை வாங்கிப்போக வந்திருந்த ஜீப்பு டிரைவர் சுருளி, வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஜெகதீஷின் எரிச்சல் அவர்மேல் பாய்ந்தது.

“எல்லாம் இவராலதான்க்கா. அன்னைக்குத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, பாட்டுப் போட விடல, பேச விடல. ஜீப்புப் பக்கத்துல நின்னு என்னையப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே இருந்தாரு, வெரசா முடிங்கன்னு. நிதானமா எடுத்திருந்தா இடத்தை மாத்தியிருப்பேன்.”

சுருளி திரையிலிருந்த கருப்பையே உற்றுப் பார்த்தார்.

“நேரமாச்சுப்பா. மங்கலை எடுத்துரு, பாறையே இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் பொன்னுமணி.

ஜெகதீஷ் எடுத்தான். பனிமூட்டத்தில் இருண்டு கிடந்த படத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டினான். முடி பறக்கும் இடம் வந்தது.

பாறை இரண்டு காதுகளை விரித்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தும்பிக்கை நீண்டது. முத்துப்பிரியாவின் தலையிலிருந்த மல்லிகையை, ஒரு மொட்டும் உதிராமல் மோந்தது. மூச்சு விட்டது. அவள் முடி பறந்தது. காற்றென்று நினைத்து, அவள் கண்ணை மூடிச் சிரித்தாள்.

ஜெகதீஷின் கை மவுஸை விட்டு இறங்கியது. கீழே பஸ்கள் அடித்த ஹாரன்கூட யார் காதிலும் விழவில்லை. பொன்னுமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரையைக் கும்பிட்டாள்.

“பிள்ளையாரப்பா. உன்னையப் போயி மறைக்கச் சொன்னேனே.”

தும்பிக்கை பனிக்குள் திரும்பிப் போனது. ஜெகதீஷ் வாசல் பக்கம் திரும்பினான்.

“குட்டி ஆனைதானே, சுருளிண்ணே. அதுக்கா என்னையப் பார்த்து அப்படிக் கும்பிட்டீக?”

“உங்களை நான் எங்க தம்பி கும்பிட்டேன்?” என்றார் சுருளி. “உங்க முதுகுக்குப் பின்னால அதோட ஆத்தா நின்னுச்சு.”