ஆட்டு விலாவுக்கு ஒரு பட்டா

நிலம் இருந்து பட்டா இல்லாதவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். நிலமே இல்லாமல், ஆட்டின் விலாவுக்குப் பட்டா கேட்டு பஸ் ஏறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். பந்தல்குடியில் அவருக்குப் பெயரே பட்டா அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

எட்டாம் வகுப்போடு கிளம்பி, லாரிகளில் லோடு ஏற்றித் திரிந்த எனக்கு அங்கே படுக்க இடம் கொடுத்தது அவருடைய செல்போன் ரிப்பேர் கடை. நீட்டிப் படுத்தால் கால் ரோட்டில் இருக்கும். மழை பெய்யாத சீமை என்பதால் பாதகமில்லை.

ஒரு லாரி டிரைவர், சோப்பு உறையில் இருக்கும் கோடுகளைப் போன் படிக்கும் என்று காட்டியதிலிருந்து அண்ணன் ரிப்பேர் வேலையை மறந்தார்.

"ஏலே, சந்தையில எல்லா ஆடும் ஒரே மாதிரிதான இருக்கு? ஒவ்வொண்ணு மேலயும் ஒரு கோட்டைப் போட்டுட்டா? போனைக் காட்டுனா ஆட்டோட பேரு, ஊரு, ஆத்தா அப்பன் எல்லாம் வந்துரும். உலகத்துல எவன் ஆட்டைப் பார்த்து போனைத் தூக்குனாலும் நமக்கு ஒரு பங்கு!"

"அப்ப பேடண்டு வாங்கிப் போடுங்க" என்றார் டிரைவர். "யோசனை உங்களோடதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுக்கும்."

"அட, பட்டா!" என்றார் அண்ணன். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார்.

"சர்வே நம்பர் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர்.

"இது நடமாடுற சொத்துங்கய்யா."

"சரி, எல்லையாவது சொல்லுங்க."

"முன்னால கொம்பு, பின்னால வாலு. நடுவுல உள்ள விலா நம்மது."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்.

சோதனைக்கு அகப்பட்டது அண்ணன் சம்சாரம், எங்கள் மதினியின் வெள்ளாடு. மதினி அதற்கு ராணி என்று பேர் வைத்திருந்தார். அண்ணன் சாம்பிள் என்பார். அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையில் கறுப்புச் சாயம் வாங்கிவந்து, சோப்பு உறையின் கோடுகளை அப்படியே பெரிதாக விலாவில் இழுத்தார். போன் அதைப் பார்த்து சோப்பு என்று சொன்னால் வெற்றி.

சொல்லவில்லை. ஆடு மூச்சை இழுத்தால் கோடுகள் விலகின, விட்டால் நெருங்கின.

"மூச்சை நிறுத்தணும்லே" என்றார் அண்ணன்.

ஒரு கையில் போன், மறு கையில் முருங்கைக்கீரை. போனைத் தூக்குவார், ஆடு அசையாமல் நின்றால் கீரை. கோடை முழுக்க இதே பாடம். ஒருநாள் ராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, போன் சோப்பு என்றது. அண்ணன் ரோட்டில் குதித்தார்.

"என் ஆட்டைச் சோப்பாக்கிட்டு ஆடுறாக பாரு!" என்றார் மதினி.

அந்த வாரமே ராணி காணாமல் போனது. சினை ஆடு. கடையில் வருமானம் இல்லாத வருஷத்தில், வரப்போகும் குட்டிகளை நம்பித்தான் மதினி இருந்தார். அவர் கத்தவில்லை. "ஆட்டோட வாங்க. இல்லன்னா பட்டாவோட அங்கனயே இருந்துக்கங்க" என்றார்.

காரியாபட்டிச் சந்தையில் ராணி ஒரு வியாபாரி கையில் இருந்தது. அவர் யாரிடமோ வாங்கியிருந்தார்.

"உங்க ஆடுன்னு என்னய்யா அடையாளம்?"

"விலாவுல கோடு இருக்கும்!"

திருப்பிப் பார்த்தால், திருடியவன் கோடு இருந்த இடத்தை மழித்துவிட்டிருந்தான். கூட்டம் சிரித்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் போனைத் தூக்கினார்.

மென்றுகொண்டிருந்த ராணி சட்டென்று நிறுத்தியது. தலை நிமிர்ந்தது. விலா அசையவில்லை. போனை இறக்கியதும் 'புஸ்' என்று மூச்சு விட்டது.

வியாபாரி தன் போனை எடுத்துப் பக்கத்து ஆட்டுக்கு முன்னால் தூக்கினார். அது போனை நக்கியது. ராணிக்கு முன்னால் தூக்கினார். விலா மறுபடி நின்றது. கண் கீரையைத் தேடியது.

"கூட்டிட்டுப் போங்கய்யா. வித்தவனை நான் பாத்துக்கிறேன்."

வண்டியில் திரும்பும்போது ராணியைக் கட்டிப்பிடித்தபடி வந்தார் அண்ணன். பிறகு என் காதருகே, "ஏலே, கோடே வேண்டாம். எல்லா ஆட்டுக்கும் மூச்சடக்கச் சொல்லிக் குடுத்தாப் போதும். இதுக்கும் ஒரு பட்டா வாங்கணும்" என்றார்.

அதன் பிறகு நானும் எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. இப்போது எந்த டீக்கடையில் காசு கொடுக்கப் போனைத் தூக்கினாலும், என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அண்ணன் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும். பிடித்த மூச்சைச் சீக்கிரம் விட மனசு வராது.