இடப்பக்கத்து நாக்கு

பெரிய அரசாங்கங்கள் நீதிக்குத் தராசு வைத்திருக்கின்றன. மலாயாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று நாக்கு வைத்திருந்தது. தராசைவிட நாக்கு உயர்ந்தது. தராசு கல்லூரிக்குப் போனதில்லை.

நாக்கு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விசுவலிங்கத்துடையது. யாழ்ப்பாணத்தில் படித்தவர். தோட்டத்து வழக்கப்படி, தொழிலாளருக்கு அரிசி போடும் நாளில் புது மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சோறாக்கி, ஸ்டோர் வாசலில் எல்லாரும் பார்க்க அவர் உண்பார். ‘நன்று’ என்றால் அரிசி அளக்கப்படும். ‘ஆகாது’ என்றால் மூட்டைகள் திரும்பிப் போகும். எந்த மூட்டையும் திரும்பிப் போனதில்லை. நிர்வாகத்தின் சிறப்பு அப்படி.

ஒருமுறை அவருடைய இடது காதில் சீழ் கட்டி, ஜொகூர் பாருவில் அறுத்தார்கள். பிறகு நாக்கின் இடப்பாதியில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. டாக்டர் விளக்கினார்: நாக்குக்குப் போகும் நரம்பு ஒன்று காதுக்குள் புகுந்து போகிறது, அது அறுந்துவிட்டது. நரம்பு போனால் நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் வாடும். நரம்பு மறுபடி வளர்ந்தால் மொட்டுகளும் முளைக்கும்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை இதை ஆபீசில் வைத்து ஆழ்ந்து ஆராய்ந்தார்.

“வலது பக்கம் ருசி தெரியுதா, கிராணி?”

“தெரியுது, துரை.”

“இடது பக்கம்?”

“ஒண்டும் தெரியேல்லை.”

“நல்லது. அது யார் பக்கமும் சேராது. இனிமே அதிலே சாப்பிடு.”

அன்றிலிருந்து விசுவலிங்கம் தலையை இடப்பக்கம் சாய்த்தே ருசி பார்த்தார். ஒரு பருக்கையும் வலப்பக்கம் உருளாமல் மென்று விழுங்குவது எளிதன்று. படிப்பு கைகொடுத்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, அரிசிதான் ‘நன்று’ ஆயிற்றே. தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள்.

மறு ஆண்டு ஓர் அரிசி நாள். பால்மரம் சீவும் இராசம்மா இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் முதலாவதாக நின்றாள்.

“கிராணி ஐயா, போன தடவ போட்ட அரிசியில இவன் ஈர்க்குச்சியாப் போயிட்டான். பாத்துச் சொல்லுங்க.”

“அதைத்தானே பாக்கிறன், பிள்ளை.”

தலையைச் சாய்த்தார். மென்றார். தாடை நின்றது. இடப்பாதியில் கசப்பு ஏறியது. அதன் பின்னால் புளிப்பு. சோற்றைத் துப்பினார்.

அரிசி வாங்கிப் போடும் கங்காணி அய்யாவு குனிந்து, மெல்லக் கேட்டார்: “என்ன கிராணியாரே, பக்கம் மாறிப் போச்சா?”

“இல்லை. இடப்பக்கம்தான். ஆகாது. திருப்பி அனுப்பு.”

“தொரைக்கு நான் என்ன சொல்றது?”

“மொட்டு முளைச்சிட்டுது எண்டு சொல்லு.”

மூட்டைகள் வண்டியில் ஏறின. தோட்டத்தில் விஞ்ஞானம் வென்ற முதல் நாள் அது. விசுவலிங்கம் ஸ்டோர் படியில் ஏறி நின்று, நரம்பு அறுந்தது, மொட்டு வாடியது, மறுபடி முளைத்தது என்று கூட்டத்துக்கு விளக்கினார்.

“இவ்வளவு நாளும் கெட்ட அரிசி வந்தது என்ர பிழை இல்லை. இடப்பக்கத்து நரம்பை டாக்குத்தர் வெட்டிப்போட்டார்.”

எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இராசம்மா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

“வலது பக்கத்து நரம்ப யாருங்க ஐயா வெட்டுனது?”