காலமை முதல் தண்ணி

வெட்கம் நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடத்தை நான் தேவைக்கு மேலேயே படித்துவிட்டேன். அதனால் பெரியப்பாவின் உயிரோடு விளையாடியும்விட்டேன்.

எழுபதுகளில் எங்கள் தீவான வேலணைக்கு ஒரு டொக்டர் வந்தார். யாருக்குச் சலரோகம் என்ற நீரிழிவு வருகிறது, யாருக்கு நெஞ்சுவருத்தம் வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய வந்தவர். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த என்னை உதவிக்கு எடுத்தார். வீடு வீடாகப் போய், சுருட்டுப் பிடிப்பீர்களா, எவ்வளவு தூரம் நடப்பீர்கள், தாய் தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று கேட்டு எழுத வேண்டும். கடைசியில் வெறும் போத்தல் ஒன்றைக் கொடுத்து, மறுநாள் காலை எழும்பியதும் முதலில் போகும் சிறுநீரை, எங்கள் பேச்சில் சலத்தை, அதில் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும்.

கேள்விகளைக் கிளிபோல ஒப்புவித்தேன். சலம் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. (எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். எந்த வீட்டில் வருங்கால மாமி இருக்கிறாவோ, யாருக்குத் தெரியும்?) ஆகவே நிலத்தைப் பார்த்தபடி, "காலமை முதல் தண்ணியை இதுக்குள்ளை விட்டு வையுங்கோ" என்றேன். எல்லாரும் ஓம் என்றார்கள்.

அவர்களுக்கு விளங்கியது வேறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர். குழாய்த் தண்ணீர் வரப்போகிறது, அதற்குத்தான் கிணறுகளைச் சோதிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை பரவிவிட்டது. குழாய் வேண்டியவர்கள் தேடிப்போய் ஆக உவரான கிணற்றில் அள்ளினார்கள். தங்கள் கிணற்றைக் குறைசொல்லப் பொறுக்காதவர்கள் நன்னீர்க் கிணறுகள் உள்ள சாட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பித்து நிரப்பினார்கள்.

மறுநாள் பள்ளிக்கூட அறையொன்றில் டொக்டர் இரத்தப் பிறசர் பார்க்க, அடுத்த அறையில் நான் போத்தல்களைச் சோதித்தேன். நீல மருந்தில் சில துளி விட்டுச் சூடாக்க வேண்டும். சீனி இருந்தால் செங்கல் நிறம் வரும். முதலில் பெரியப்பாவின் போத்தலை எடுத்தேன். அவர் தெற்கே கடை வைத்திருந்துவிட்டு ஊரோடு வந்தவர். சில மாதங்களாக மெலிந்துகொண்டே போனார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். பயத்தில் இனிப்பைத் தொடுவதேயில்லை. நீலம் நீலமாகவே நின்றது. அடுத்த ஒழுங்கையில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடிப்போய், ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது டொக்டர் வேறொரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு நுளம்புக் குடம்பிகள், கொசுவின் புழுக்கள், நெளிந்து நீந்தின.

"பிள்ளை, இதைத் தந்தவர் உயிரோடை இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லிக் கேட்டேன் என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. தலையில் கைவைத்தபடி, எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகச் சொன்னார்.

முதலில் பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொழுக்கட்டைத் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அழுதுகொண்டே சொன்னேன். மிச்சப் பனங்கட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார்.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். இந்த முறை நல்ல செங்கல் நிறம்.

அதைச் சொல்லத் திரும்பப் போனபோது, இனி என்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தேன். அவரோ சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"மற்ற வீடுகளுக்கும் போகவேணும் எல்லே? வா. நான் சொல்லுறன், நீ போத்தலைக் குடு."

ஊரில் மதிப்பான மனிதர். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, கிணற்றுத் தண்ணீர் இல்லை, சலம் என்று உரக்கச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். குழாய் கைநழுவியதென்று சிலர் கோபித்தார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கடைசி நாலு வீட்டில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நானே சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

மருந்தோடும் பத்தியத்தோடும் பெரியப்பா பிறகும் நெடுங்காலம் இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது பேச்சை மென்று விழுங்கினால், "படலையிலை நிண்டு சொல்லு" என்பார்கள். என் மகள் ஒரு பெடியனைப் பற்றிச் சொல்ல வந்து தடுமாறிய அன்று அவளுடைய தகப்பனும் அதைத்தான் சொன்னார். அவள் எழும்பிப் போய், உண்மையாகவே படலையில் நின்று சொன்னாள். அயலட்டை முழுக்கக் கேட்டது. பிறகு கலியாணத்தைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.