மஞ்சள் விளக்கும் ஸ்கேனர் சாரும்

தர்மபுரி மாவட்டத்தில், ஏன், தமிழ்நாட்டிலேயே, ஒரு சின்ன மஞ்சள் விளக்குக்கு ஸ்கேனர் சாரைப் போலப் பயந்தவர் எவரும் இருக்க முடியாது. பாலக்கோட்டில் நான் வேலை பார்க்கும் உரக்கடையில் அவர் கணக்கர். குடியிருப்பதும் எங்கள் தெருவில்தான். அவருடைய பழைய பெட்ரோல் காரில் ஒருநாள் இன்ஜின் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

உடனே ஒரு ஸ்கேனர் வாங்கினார். அதை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினால், கோளாறு என்ன என்பதற்கு செல்போனில் ஒரு எண் வரும். டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் எங்கோ தப்பு என்று அந்த எண்ணுக்கு அர்த்தம். ஸ்கேனர் சாரைப் பொறுத்தவரை, வண்டி வெடிக்கப்போகிறது என்று அர்த்தம்.

டேங்க் மூடியை மாற்றினார். விளக்கு அணையவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் விரிசல் இல்லை. கடைக்கு வந்த விவசாயிகளை எல்லாம் கூட்டிப்போய் வண்டியை முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

"பூச்சிமருந்து வாசந்தாங்க வருது," என்றார் ஒருவர். அது அவர் கையிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

"நம்பரை அழிச்சிடறேன் சார், விளக்கு போயிடும்," என்ற மெக்கானிக்கிடம் சண்டைக்கே போய்விட்டார். "எக்ஸ்ரேவைக் கிழிச்சிட்டா எலும்பு கூடிருமாய்யா?"

இன்னொரு தொல்லையும் இருந்தது. பெட்ரோல் போட்ட உடனே மட்டும் வண்டி கிளம்பாது. அதனால் பெட்ரோல் பங்குக்குப் போவதையே முடிந்தவரை ஒத்திப்போடுவார்.

ஒரு மத்தியானம் என் அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. இன்ஹேலர் மருந்தை உறிஞ்சியும் அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. அப்போது தெருவில் ஸ்கேனர் சாரிடம் மட்டும்தான் கார். நான் கேட்குமுன்பே சாவியோடு வந்து நின்றார். அவர் முகம் அப்பாவின் முகத்தைவிட வெளிறியிருந்தது.

"ஏறுங்கய்யா. ஒண்ணும் ஆவாது," என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

தர்மபுரிக்குப் பாதி வழியில் பெட்ரோல் முள் அடியில் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் பங்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டோம். சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பம்பைவிட்டு எட்டத் தள்ளி நிறுத்தித் திரும்பவும் முயன்றார். ம்ஹூம். பின்சீட்டில் அப்பாவின் நெஞ்சு விசிலடித்தது.

ஸ்கேனர் சார் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். "மூடியும் இல்ல, குழாயும் இல்ல. அப்ப ஆவியத் திறந்து விடுற இந்த வால்வுதான் மூடாம நிக்குது. பெட்ரோல் போட்டா ஆவி மொத்தமும் இன்ஜினுக்குள்ள போயி அமுக்குது!" வால்விலிருந்து இன்ஜினுக்குப் போகும் மெல்லிய குழாயை உருவினார். அதன் வாயில் தன் பேனா மூடியைத் திருகி அடைத்தார்.

"ஆக்சிலேட்டரை மிதிச்சிக்கிட்டே சாவியத் திருப்புங்க!"

நான் அவர் சீட்டில் தாவி ஏறித் திருப்பினேன். வண்டி இருமியது, செருமியது, கிளம்பிவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்! வால்வுதான்! வால்வேதான்!" என்று ஸ்கேனர் சார் குதிக்க ஆரம்பித்தார்.

பின்சீட்டிலிருந்து அப்பா தலையை நீட்டினார். "ரொம்ப சந்தோசங்க. ஆஸ்பத்திரி போயி... குதிக்கலாங்களா?"

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கு மூச்சு சீரானது. அதுவரை ஸ்கேனர் சார் கட்டில் பக்கத்திலேயே நின்று, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வால்வை மாற்றினார்.

இப்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கிளம்பும் போதெல்லாம் அப்பா என்னிடம் சொல்வது இதுதான்:

"அந்தப் பயந்தாங்கொள்ளி வூட்ல இருக்காரான்னு பாரு. அவரு ஓட்டுனாத்தான் எனக்குப் பயமில்ல."