எதிர்வீட்டுப் பூட்டும் உலகப் பாட்டுப் போட்டியும்

புரட்சிப் பாட்டு எழுதுகிறவர்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் இருக்கக் கூடாது. இருந்தாலும் அதில் ராகு காலம் போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தாலும் அதைப் பார்க்கக் கூடாது. பார்த்துத் தொலைத்தாலும் எதிர்வீட்டு மாமியிடம் போய்ச் சொல்லக் கூடாது. என் விஷயத்தில் இந்த நான்கும் நடந்தன.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். எடமலைப்பட்டி புதூரில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். (பாட்டு டீச்சர் என்றால், கணக்கு டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள். கணக்கு டீச்சர் லீவு போடாவிட்டால் பாட்டு பீரியடை அவருக்குக் கொடுத்துவிட வேண்டியவள்.)

எங்கள் வீட்டில் தெருவைப் பார்த்தாற்போல் ஒரு முன் அறை சும்மா கிடந்தது. உள்ளே கால் ஆடுகிற கட்டில், ஓடாத டேபிள் ஃபேன், மாமனார் எடைக்குப் போட மனசு வராமல் சேர்த்த பழைய பேப்பர். அந்த அறையில் ஒரு பாட்டு வகுப்பு ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. சும்மா ஆசை இல்லை. படுத்தால் போதும், எந்தப் பக்கம் பாய் விரிப்பது, எந்த மூலையில் சுருதிப்பெட்டி வைப்பது என்று யோசித்தபடியேதான் தூங்குவேன். ஆனால் வெளியூர் பக்தர்களுக்குக் கார் ஏற்பாடு செய்கிற டிராவல்ஸ்காரர் ஒருவர் அதே அறையை வாடகைக்குக் கேட்டு மாமனாரை நச்சரித்துக்கொண்டிருந்தார். மாமனாரும் பாதி சம்மதித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் உலகப் பாட்டுப் போட்டி வந்தது. வெளிநாட்டில் யாரோ ஆன்லைனில் நடத்தினார்கள். நாட்டுக்கு ஒரு குழு, எல்லாரும் பெண்கள், அவரவர் மொழியில் பெண் விடுதலைப் பாட்டு. நானும் என் கல்லூரித் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து பாட்டு அனுப்பினோம். பாலக்கரை நஸ்ரின் கிதார் வாசிப்பாள். அரியமங்கலம் செல்விக்கு டிரம்ஸ். எழுத்தும் குரலும் நான். பாட்டின் பெயர் ‘பூட்டை உடை’.

பூட்டை உடை, பூட்டை உடை,
யார் வருவார் என நிற்காதே,
உன் கை போதும், பூட்டை உடை!
நேரம் பார்த்தா நெருப்பு பற்றும்?
நீயே எழுந்து பூட்டை உடை!

பாட்டு எப்படி? நெருப்பு இல்லையா? இந்த நெருப்பை ஒத்திகை பார்க்க நாங்கள் மூன்று பேரும் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தோம். நஸ்ரின் அவள் அத்தாவிடம் கேட்பாள். செல்வியை அவள் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டு, டீக்கடையில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டிப் போவார். நான் என் கணவர் ஸ்ரீதரிடம், “என்னங்க, ஒரு மணி நேரம் பாடிக்கட்டுமா?” என்று கேட்டுக்கொள்வேன்.

என்ன ஆச்சோ தெரியவில்லை, பாட்டு இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது! கையில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டே குதித்தேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“உலக லெவல்லயாம்மா?”

“ஆமாங்க மாமா.”

“சரி. ஜெயிச்சுக் காட்டு, முன் ரூம் உனக்கு. ஜெயிக்கலைன்னா டிராவல்ஸுக்கு. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது.”

“சரிங்க மாமா,” என்றேன். (பூட்டை உடைக்கச் சொன்ன கவிஞரின் பதில்.)

இறுதிச் சுற்று நேரலை. அவரவர் ஊரிலிருந்தே வீடியோவில் பாட வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கு வராத குழு வெளியே. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கொடுத்திருந்தார்கள். நான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு, ராகு காலம், நாலரை முதல் ஆறு வரை. உடனே நஸ்ரினைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நேரம் பார்த்தா நெருப்பு பற்றும்னு எழுதினது நீதானே?” என்றாள் நஸ்ரின்.

“அது பாட்டுடி. இது ரூம் விஷயம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கோமளா மாமியிடம் புலம்பினேன். மாமி நாலு தெருவுக்கும் நாள் நட்சத்திரம் பார்த்துச் சொல்கிறவர்.

“இதுக்குப் போய் அழறாளாக்கும்! பரஸ்தானம் வச்சுடுடி. நல்ல நேரத்துல முக்கியமான சாமானை வேற அகத்துல கொண்டு வச்சுட்டா, காரியம் அப்பவே புறப்பட்டாச்சுன்னு அர்த்தம். அப்புறம் ராகுவாவது கேதுவாவது!”

என் மாமியாருக்குச் சந்தேகம். “அது ஊருக்குப் போறப்ப வைக்கிறது இல்லைங்களா மாமி?”

“பாட்டும் ஊருக்குத்தானே போறது? ஃபாரின் போறதோன்னோ?”

காலையிலேயே ஒத்திகைக்கு வந்திருந்த நஸ்ரின், செல்வி, நான் மூவரும் இதற்குத் தலையாட்டிவிட்டோம். ஆளுக்கொரு பட்டம் வாங்கியவர்கள் நாங்கள். எதை வைப்பது என்று யோசித்தபோது, வெத்துப் பையை வைத்தால் பலன் இல்லை, காரியத்துக்கு உயிரான பொருளாக இருக்க வேண்டும் என்றார் மாமி. காரியத்துக்கு உயிர் என் லேப்டாப். பாட்டுக்கான பின்னணி இசை முழுக்க அதில்தான் இருந்தது. (“வேற எங்கயாவது காப்பி இருக்கா?” என்று செல்வி போன வாரமே கேட்டாள். “நம்ம வீட்டை விட்டு அது எங்கே போயிடப் போகுது?” என்றேன். என் வாயில் சனி.)

மூன்றே காலுக்கு லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சப்பையில் போட்டு, மேலே ஒரு முழம் கதம்பம் சுற்றி, வலது காலை எடுத்து வைத்து எதிர்வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தேன். உலக சாம்பியன் ஆகிவிட்ட நிம்மதி.

நாலே முக்காலுக்கு அதை எடுக்கப் போனால், எதிர்வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டு என்றால் சாதாரணப் பூட்டா? கோயில் உண்டியலுக்குப் போடலாம், அவ்வளவு பெரிசு. மாமியின் ஃபோனுக்கு அடித்தேன். வீட்டுக்குள்ளே இருந்து மணி கேட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஃபோன் கணகணவென்று அடிக்க, நான் வெளியே நின்று “எடுங்க மாமி, எடுங்க மாமி” என்று கதவிடம் கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“மாமி உறையூர்ல வளைகாப்புக்குப் போயிருக்காங்களே. ஏழு மணி ஆகும்னாங்க.”

அந்த நிமிஷம் நாங்கள் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ‘யார் வருவார் என நிற்காதே’ குழுவினர் மூவரும் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தோம். நான் “என்னங்க!” என்றேன். நஸ்ரின் “அத்தா!” என்றாள். செல்வி “அண்ணே, ஓடி வாங்கண்ணே!” என்றாள்.

டீக்கடையிலிருந்து செல்வியின் அண்ணன் வந்தார். வண்டிப் பெட்டியில் ரம்பப் பிளேடு வைத்திருந்தார். ஸ்ரீதர் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். (எதற்கு என்று அவருக்கே தெரியாது. வெறுங்கையோடு வர வேண்டாமே என்று எடுத்து வந்தாராம்.) நஸ்ரினின் அத்தா பாலக்கரையிலிருந்தே ஃபோனில், “நெம்பாதீங்கம்மா, நிலைக்கதவு போயிடும், அல்லாவே!” என்று மேற்பார்வை பார்த்தார். கடைசியாக மாமனார் சுத்தியலோடு இறங்கி வந்தார்.

“மாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். தள்ளுங்க!”

நான் தோற்றால் அவருக்கு வாடகை வரும். அது தெரிந்தும் வந்தார். அந்த விஷயத்தில் மனிதர் தங்கம். தோற்பதானாலும் முறையாகப் பாடித் தோற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் முதல் அடி அடித்தபோது என் ஃபோன் சிணுங்கியது. போட்டிக்காரர்கள்! முந்தின குழு சீக்கிரம் முடித்துவிட்டதாம். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “இந்தியா, உங்கள் முறை,” என்றாள்.

வீட்டுக்குள் ஓட நேரமில்லை. ஃபோனை மாமியார் கையில் திணித்தேன். “அத்தை, எங்களையே பார்த்துப் பிடிங்க, ஆட்டாதீங்க.” செல்வி, எதிர்வீட்டு வாசலில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டாள். நஸ்ரின் கிதாரை மாட்டினாள். நடு உத்திர வீதியில், பின்னணி இசை இல்லாமல், மைக் இல்லாமல் ஆரம்பித்தோம். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் பாடினோம். தொண்டை அன்றைக்கு அப்படித் திறந்தது.

ஆனால் பூட்டு உடைக்கிறவர்களிடம் “போதும், நிறுத்துங்க” என்று யாரும் சொல்லவில்லை.

“பூட்டை உடை!” என்று நான் பாட, பின்னால் ‘டங்’. “பூட்டை உடை!” மறுபடி ‘டங்’. தாளம் அட்சர சுத்தம். மூன்றாவது முறை நான் உச்சத்துக்குப் போய் “பூட்டை உடை!” என்றதும், மாமனார் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார்.

“உடைச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்கோம்! அதுக்குள்ள ஏன் இப்படிக் கத்துற?”

உலகம் முழுக்க நேரலை.

எனக்குப் பாட்டு நிற்கவில்லை, கண்ணீர் முட்டியது. “உன் கை போதும், உன் கை போதும்” என்று பாடிக்கொண்டே, மாமனாரை விலகச் சொல்லிக் கையால் சைகை காட்டினேன். அவர் சீக்கிரம் உடைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். ஸ்ரீதர் எண்ணெய் ஊற்றினார். கடைசி வரிக்குப் பூட்டு தெறித்து விழுந்தது. தெருவே கை தட்டியது. எங்களுக்கு இல்லை, பூட்டுக்கு.

பாட்டு முடிந்ததும் ஒரு நடுவர் அம்மையார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “உடைக்கிற ஆண்கள் உங்கள் குழுவினரா?”

“இல்லை மேடம். மாமனார், கணவர், இவளுடைய அண்ணன்.”

“அது யாருடைய வீடு?”

“எதிர்வீடு.”

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியாது.”

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, மாமியார் கையிலிருந்த ஃபோனை வாங்கிப் பார்த்தேன். கேமரா எங்கள் மேலேயே இல்லை! பாட்டு ஆரம்பித்ததிலிருந்து முடிகிறவரை பூட்டையே காட்டியிருக்கிறது. ‘யார் வருவார் என நிற்காதே’ என்று பெண்கள் குரல் எங்கிருந்தோ கேட்க, திரையில் மூன்று ஆண்கள் மாய்ந்து மாய்ந்து பூட்டு உடைக்கிறார்கள்.

“என்ன அத்தை இது!”

“பாட்டுதான் தினமும் கேக்குறேனேம்மா. பூட்டு உடையுமா உடையாதான்னு எனக்குப் பதைபதைப்பா இருந்துச்சு.”

முடிவு வந்தது. கடைசி இடம். ‘சொல்வது பெண்கள், செய்வது ஆண்கள் என்ற உங்கள் சமூகத்தின் நிலையை ஒளிவுமறைவில்லாமல் காட்டியதற்கு நன்றி’ என்று நடுவர்கள் ஒரு குறிப்பு வேறு அனுப்பியிருந்தார்கள்.

ஏழு மணிக்கு வளைகாப்பு வளையல் குலுங்க வந்த கோமளா மாமி, உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “ராகு காலத்துல யாராவது அதை எடுக்க வருவாளோடி? ஆறு மணிக்கு மேலதான் நீ வருவேன்னு நெனச்சு, கொழந்தை சாமான் பத்திரமா இருக்கட்டும்னு பெரிய பூட்டாப் போட்டுட்டுப் போனேன்!”

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. முன் அறையின் ஆடுகிற கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்குக்கூட இல்லை. கையில் ஒரு சுத்தியல் இருந்திருந்தால் நானே உடைத்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். உடைத்திருக்க மாட்டேன் என்பது தெரிந்தது. அதற்குத்தான் அழுதேன். வெளியே மாமனார் டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் பண்ணி, செவ்வாய்க்கிழமை வந்து அறையைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். (கணக்கு டீச்சருக்குக் கொண்டாட்டம்.) பெரிய கடை வீதிக்குப் போய் மாமிக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கடைக்காரர் “ஒண்ணு போதுங்களா?” என்று கேட்டார். யோசித்து, அதே மாதிரி இன்னொன்று வாங்கினேன்.

சாயங்காலம் டிராவல்ஸ்காரரோடு மாமனார் வந்தபோது முன் அறைக் கதவில் உண்டியல் பூட்டு தொங்கியது. உள்ளே பேப்பரெல்லாம் ஒதுக்கிப் பாய் விரித்து, சுருதிப்பெட்டியும் வைத்தாகிவிட்டது. சாவி என் இடுப்பில்.

“சாவி எங்கம்மா?”

“என்கிட்ட இருக்குங்க மாமா.”

“திற.”

இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டேன். “முடியாதுங்க மாமா. வேணும்னா உடைச்சுக்குங்க. உங்களுக்குத்தான் கை பழகியிருக்கே.”

முதலில் சிரித்தது மாமியார். அடுப்படியிலிருந்து கேட்டது அந்தச் சிரிப்பு. பிறகு ஸ்ரீதர். மாமனார் பூட்டைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிராவல்ஸ்காரரிடம் திரும்பினார்.

“வேற இடம் பாத்துக்குங்க சார். இந்தப் பூட்டு அவ்வளவு சுலபத்துல உடையாது. எனக்குத் தெரியும்.”

இப்போது அந்த அறையில் தினமும் சாயங்காலம் பிள்ளைகள் பாடுகிறார்கள். வாரம் ஒருநாள் செல்வி டிரம்ஸ் சொல்லித் தர வருகிறாள், தானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு. எங்கள் வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிப் போய், நான் யாரிடமாவது நீட்டினால் தொலைந்தேன். குடும்பமே சேர்ந்து பாடும்: “யார் வருவார் என நிற்காதே, உன் கை போதும்!” மாமனார் மட்டும் பாட மாட்டார். டேபிளில் ‘டங்’ என்று தட்டுவார்.

பூட்டை உடைக்கச் சொல்லிப் பாடியவள் பூட்டுப் போட்டுத்தான் ஜெயித்தாள் என்று என் தைரியத்தை அவர் வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் புகழ்கிறார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ராகு காலம் முடிகிறவரை, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டருக்குக் கீழேயே நின்றிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.